கும்பி சூடேறவில்லையா, நாறுகிறதா? தோட்டக் கழிவில் கூட்டெரு செய்பவர்களுக்கு

2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்ததும் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரே மாதத்துக்குள் பதினொரு எருக் கும்பிகள் எழும்பின. வாழைக்குற்றி, வெங்காயத்தாள், மிளகாய்க் கட்டை, வேலிக்குழை, மாட்டெரு என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் ஏறியது. சோளகம் வீசி முடியுமுன் பாதிக் கும்பிகள் நின்றுபோயின. சில காய்ந்த குப்பையாகக் கிடந்தன, சில நாறின, ஒன்றிலிருந்து தென்னையைத் தின்னும் வண்டு புறப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். பலர் கும்பியைக் கைவிட்டு யூரியாவுக்குத் திரும்பினார்கள். நான் விடவில்லை. என் வாழைக்கும் வெங்காயத்துக்கும் இன்றுவரை அந்த எருதான் போகிறது. அதனால் "அண்ணை, ஒருக்கா வந்து எங்கட கும்பியைப் பாருங்கோ" என்று யாராவது கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

போன இடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகளை அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்கள் கும்பி எதைக் காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு கூடியது கடைசியில். தூளோ போத்தலோ வாங்க முன் மேலே உள்ளதைச் செய்து பாருங்கள். நம் ஊரில் கும்பி கெடுவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம்: ஆடியில் காணாது, கார்த்திகையில் கூடிப்போகும்.

எதற்கும் முதல்: தட்டு, குத்து, பிடி

கும்பிக்குள் கையை விட முன் அலவாங்கால் நாலு பக்கமும் தட்டுங்கள். இளஞ்சூட்டுக்கும் எலிக்கும் புடையன் பாம்பு வந்து படுக்கும். காய்ந்த ஓலைக்குள் சுருட்டைப் பாம்பும் கிடக்கும், அது சிறியது, கண்ணுக்குப் படாது. கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கையைக் காலை அசைக்காமல் இருத்தி, 1990 அம்புலன்சை அழைத்து, நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பிறகு அலவாங்கைக் கும்பியின் நடுவுக்குக் குத்திப் பத்து நிமிடம் விட்டு இழுங்கள். நுனியைக் கையால் பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் விட வேண்டியிருந்தால் உள்ளே 55 பாகைக்கு மேல் இருக்கிறது, நல்லது. வெதுவெதுப்பு என்றால் பாதி வேலை நடக்கிறது. கிணற்றுக்கயிறு போலக் குளிர்ந்திருந்தால் வேலை நிற்கிறது. நுனியை மணந்தும் பாருங்கள், கும்பியைக் கிளறாமலே உள்ளே நாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, முழங்கை ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் ஈரம் கூடிவிட்டது. கையை விரித்ததும் உதிர்ந்தால் காணாது. இந்த மூன்றையும் செய்யாமல் யாராவது "இதைப் போடு, அதைப் போடு" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

அறிகுறி 1: கட்டிப் பத்து நாளாயிற்று, சூடேறவில்லை

பிடி உதிர்கிறதா?

காய்ந்துவிட்டது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை இதுதான் முதற்காரணம். சோளகக் காற்று வெளிச்சுவரை இரண்டே நாளில் உலர்த்திவிடும். மேலே நின்று குழாயால் அடித்தால் சரிவராது. காய்ந்த வைக்கோலும் ஓலையும் தண்ணீரைக் குடிக்காமல் வழிய விட்டுவிடும். காலடியில் சேறு, நடுவில் தூசி என்று ஆகும். கும்பியைப் பிரியுங்கள். அரையடிக்கு ஓர் அடுக்காகத் திரும்பக் கட்டி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக நனையுங்கள். மாட்டெருவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் இன்னும் நல்லது. மேலே கிடுகு அல்லது வாழையிலை போட்டு மூடுங்கள். கோடையில் இரண்டடி ஆழக் கிடங்கில் கட்டுவதும் ஈரத்தைக் காக்கும். மீளக் குடியேறிய காணியில் கிடங்கு வெட்டுபவர்கள் மட்டும் கவனம், போர்க்கால வெடிபொருள் புதைந்திருக்கலாம்: மண்வெட்டியில் இரும்பு தட்டினால் அதோடு நிறுத்தி, தொடாமல், பொலிசுக்கு அறிவியுங்கள்.

ஈரம் சரி, ஆனால் கும்பி சின்னதா?

நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறைந்தால் சூடு தங்காது. பக்கத்து வீட்டுக் கழிவையும் சேர்த்துப் பெரிதாக்குங்கள்.

ஈரமும் அளவும் சரியா?

பச்சை காணாது. காய்ந்த வைக்கோல், சருகு, மிளகாய்க் கட்டை மட்டும் சேர்ந்த கும்பி வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நான் கணக்கு வைப்பது கடகத்தால்: காய்ந்தது மூன்று கடகம், பச்சைக் குழை ஒரு கடகம், புது மாட்டெரு ஒரு கடகம். கதியால் வெட்டும்போது விழுகிற கிளிசரிடியா, பூவரசு, முருங்கைக் குழையைச் சுருட்டி எரிக்கிறோமே, அதைத்தான் கும்பி கேட்கிறது. முன்பு குழை தாழ்த்தித்தான், அதாவது குழையை மண்ணுக்குள் புதைத்துத்தான், இந்தச் செம்மண்ணில் பயிர் செய்தோம். அதே குழை கும்பிக்குள் இரண்டு மாதத்தில் வேலையை முடிக்கும்.

நிறைய வாழைக்குற்றி போட்டீர்களா?

நீர்வேலி, கோப்பாய்ப் பக்கம் கூப்பிட்டால் பெரும்பாலும் இதுதான். குலை வெட்டியதும் குற்றியை நாலு துண்டாக்கி அடுக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு மரம் மாதிரி இருப்பதால் அதைக் காய்ந்த சாமான் என்று கணக்கெடுக்கிறார்கள். ஒரு குற்றியைக் குறுக்கே வெட்டி நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், மட்டைக்கு மட்டை கண்ணறைகள் தேன்கூடு போலத் தெரியும், ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் முத்து முத்தாக வரும். நிறையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முழுத் துண்டாகப் போட்டால் கும்பிக்குள் தண்ணீர்க் குடத்தைப் புதைத்த மாதிரி. நடு குளிர்ந்து, பிறகு நாறும். மட்டையை நெடுக்கே கிழித்து, சாண் நீளத்துக்கு வெட்டி, நாலைந்து நாள் வெயிலில் வாட விடுங்கள். வாடியதில் ஒரு கடகத்துக்குக் காய்ந்த சருகு இரண்டு கடகம். அந்தக் கும்பிக்கு முதற்கிழமை தண்ணீரே ஊற்றத் தேவையில்லை.

சூடேறிப் பிறகு ஆறிவிட்டதா?

பிழையில்லை. காற்று முடிந்துவிட்டது. வெளியில் உள்ளது நடுவுக்கும் நடுவில் உள்ளது வெளிக்கும் போகுமாறு புரட்டுங்கள். மூன்று நாளில் மீண்டும் சுடும். இப்படி மூன்று நாலு தரம் புரட்டிய பின் ஈரம் சரியாக இருந்தும் சூடேறவில்லை, கறுத்து, முதல் மழை மண்ணின் மணம் வருகிறது என்றால் அடங்கிவிட்டது. ஒரு மாதம் நிழலில் ஆற விடுங்கள்.

இவ்வளவும் செய்தும் குளிர்ந்தே கிடக்கிறதா?

கடையில் தூள் வாங்க முன், நன்றாகச் சுடுகிற வேறொருவர் கும்பியிலிருந்து இரண்டு கடகம் வாங்கி அடுக்குக்கு அடுக்கு தூவுங்கள். நுண்ணுயிர் வேண்டுமென்றால் அதற்குள் கோடிக்கணக்கில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் ஆள் யார் என்று சொல்வார்கள், செலவில்லை.

அறிகுறி 2: நாறுகிறது

எந்த நாற்றம் என்பதில்தான் வழி பிரிகிறது. கண்ணை மூடி மணந்து பாருங்கள்.

அழுகின முட்டை அல்லது சேற்று நாற்றம்

தண்ணீர் கூடி, காற்றுப் போக வழியில்லை. வெங்காயத்தாளை ஈரத்தோடு தடிப்பாக அடுக்கினாலும் இது வரும். தாள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் மாதிரி ஆகிவிடும், போதாததற்கு வெங்காயத்தில் கந்தகம் வேறு. கும்பியைப் பிரித்து அரை நாள் காற்றாட விடுங்கள். காய்ந்த சருகு, கச்சான் கொடி, உலர்ந்த வைக்கோல் கலந்து திரும்பக் கட்டுங்கள். அடியில் ஓரடி உயரத்துக்குப் பனை மட்டையோ மிளகாய்க் கட்டையோ குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் கீழிருந்து காற்று ஏறும்.

மூக்கைக் குத்தி, கண்ணில் நீர் வர வைக்கும் நாற்றம்

மாட்டுப் பட்டியில் காலையில் அடிக்கும் அதே நெடி. நைதரசன் காற்றோடு போகிறது என்று அர்த்தம். நீங்கள் காசு கொடுத்து வாங்காத யூரியா உங்கள் கண் முன்னே ஆவியாகிறது. கோழி எரு அல்லது பச்சைக் குழை அளவுக்கு மிஞ்சியிருக்கும். காய்ந்ததைக் கூட்டுங்கள்: சருகு, மரத்தூள், தும்புத்தூள். மேலே நாலு விரல் தடிப்பில் மண் போர்த்தினாலும் நெடி அடங்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாறினால் சுண்ணாம்பு போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போடாதீர்கள். சுண்ணாம்பு அந்த நெடியை இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும். அதோடு நம் கிணற்றுத் தண்ணீரே சுண்ணாம்புத் தண்ணீர், கேத்தில் அடியில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மண்ணுக்கும் கும்பிக்கும் வேறு சுண்ணாம்பு வேண்டியதில்லை. அடுப்புச் சாம்பலும் ஒரு கும்பிக்கு ஒன்றிரண்டு பிடியோடு நிற்கட்டும்.

செத்த எலி, அழுகின மீன் நாற்றம்

கரையோரத்தில் மீன் தலையும் செதிலும் சேர்ப்பவர்களுக்கு வரும். மீன் கழிவு நல்ல எருதான், ஆனால் நடுவில், ஓரடிக்குக் கீழே, காய்ந்த சருகுக்குள் புதைக்க வேண்டும். மேலாகப் போட்டால் நாயும் இலையானும் கும்பியைத் தமதாக்கிக்கொள்ளும். மீன் சேர்க்காமலே இந்த நாற்றம் வந்தால் உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது. அலவாங்கால் தேடி எடுத்துத் தூரத்தில் புதையுங்கள்.

அறிகுறி 3: மாரியில் கும்பியிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மற்றப் பிழைகளில் எரு கெடும். இதில் கிணறு கெடும்.

நம் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே செம்மண் சில அடிதான், அதற்குக் கீழே வெடிப்பும் துவாரமுமாகக் கல். மேலே ஊற்றியது வடிந்து, சுத்தமாவதற்கு முன்னமே கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கோண்டாவில், திருநெல்வேலி, சுன்னாகம் போன்ற இடங்களில் கிணற்றில் நைத்திரேற்று (பசளையிலும் எருவிலும் உள்ள நைதரசன் மாறி வரும் உப்பு) கூடியிருப்பது பல வருடங்களாகப் பேசப்படும் விடயம். அளவுக்கு மிஞ்சிய பசளையும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து செய்த வேலை அது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கூடினால் முதலில் தாக்கப்படுவது அந்தத் தண்ணீரில் மாக் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தை, குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் வலுவை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும். "எரு இயற்கைதானே, என்ன செய்யப் போகுது" என்று கேட்கிறார்கள். கும்பியிலிருந்து வடிவதும் அதே நைத்திரேற்றுத்தான். மாட்டெருக் கிருமியும் கூடவே போகும்.

தண்ணீர் கும்பியைச் சுற்றி மட்டும் தேங்குகிறதா?

இடம் பள்ளமாக இருக்கிறது. ஐப்பசி பிறக்க முன் மேட்டுக்கு மாற்றுங்கள். கிடங்கு எருவை மாரிக்கு முன் மேலே எடுத்துக் கும்பியாகக் கட்டிவிட வேண்டும். மாரியில் கிடங்கு என்பது ஊறல் தொட்டிதான்.

மேலிருந்து நனைகிறதா?

மேற்பரப்பைத் தட்டையாக விடாமல் பிட்டுக் குவித்த மாதிரி கூம்பாக்குங்கள். கிடுகை ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்றாகச் சாத்துங்கள். தறப்பாள் போட்டால் நடுவில் குழி விழாமல் ஒரு கம்பை நட்டு உயர்த்துங்கள். குழியில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும், மழை விட்ட பிறகுதான் இங்கே டெங்கு கூடும். பக்கங்களை முழுக்க மூட வேண்டாம், காற்று வேண்டும்.

கிணற்றுக்கு எவ்வளவு தூரம்?

ஐம்பது அடிக்குள் என்றால் எந்தத் திருத்தமும் உதவாது, இடத்தை மாற்றுங்கள். காணியின் எதிர் மூலை எவ்வளவு தூரமோ அவ்வளவும் நல்லது. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளந்து பாருங்கள், வேலிக்கு அப்பால் இருப்பதால் மறந்துவிடுகிறோம். வடியும் தண்ணீரைக் கும்பியின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன வாய்க்காலில் மறித்து, வாளியால் அள்ளி அடுத்த கும்பியில் ஊற்றுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் நிறமோ மணமோ மாறியிருக்கிறதா, அல்லது வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?

இனி இது நம் கைவேலை இல்லை. குடிப்பதை நிறுத்தி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். தண்ணீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்க வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கட்டணத்துக்குச் செய்து தருவார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும்.

அறிகுறி 4: எல்லாம் மக்கிவிட்டது, ஓலையும் கட்டையும் அப்படியே

பனையோலை, பனை மட்டை, தென்னை மட்டை, உமி, புகையிலைக் கட்டை. இவை மெதுவாகத்தான் மக்கும். பிழை கும்பியில் இல்லை. பாதி விரல் நீளத்துக்கு வெட்டி, ஓரிரவு மாட்டெருக் கரைசலில் ஊற வைத்துப் போட்டால் காலம் பாதியாகும். வெட்ட மனமில்லை என்றால் பனையோலையைக் கும்பியில் போடாதீர்கள். அதற்கு நம் ஆட்கள் கண்ட வழி ஓலை தாழ்த்தல்: தோட்டத்தில் வரிசையாகக் கிடங்கு வெட்டி, ஓலையைப் பரப்பி, மண்ணால் மூடி, மேலே பயிர் வைப்பது. ஈரத்தைப் பிடித்து வைத்து, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல எருவாகும். மக்காமல் எஞ்சிய கட்டைகளைச் சலித்தெடுத்து அடுத்த கும்பிக்கு அடித்தளமாகப் போடுங்கள். அரைக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நாலைந்து தோட்டக்காரர் சேர்ந்து வாங்கினால் சரி, தனி ஒருவருக்குக் கட்டாது.

அறிகுறி 5: தடித்த வெள்ளைப் புழுக்கள்

எல்லாப் புழுவும் எதிரி இல்லை. சாம்பல் நிறத்தில், தட்டையாக, நெல்மணி போல நெளிவது ஒரு வகை ஈயின் புழு. கழிவைத் தின்னும், தீங்கில்லை. மரவட்டையும் தொழிலாளிதான். கறையான் கண்டால் கும்பி காய்ந்திருக்கிறது, நனையுங்கள்.

கவனிக்க வேண்டியது பெருவிரல் பருமனில், பால் வெள்ளையாக, மண்ணிறத் தலையோடு ஆங்கில 'சி' எழுத்துப் போல வளைந்து படுத்திருக்கும் புழு. கையில் எடுத்தால் சுருண்டுகொள்ளும், பின்பக்கம் தோலூடாகக் கறுப்பாகத் தெரியும். இது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். கும்பியில் எருவைத் தின்று வளர்ந்து, வண்டாகிப் பறந்து, தென்னங் குருத்தைத் துளைக்கும். துளைபட்ட குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டின மாதிரி விசிறியாகத் தெரியும். உங்கள் வளவிலோ பக்கத்து வளவிலோ அப்படி ஓலை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். முதலில் சொன்ன அந்த ஒழுங்கைக் கும்பியில் அதுதான் நடந்தது. ஏழு மாதம் புரட்டாமல் கிடந்தது, பக்கத்தில் நின்ற இரண்டு இளந்தென்னையும் குருத்தழிந்து போயின.

புழு ஒன்றிரண்டா? கும்பியைப் பிரித்துப் பரப்பி, கோழிகளை விட்டுவிடுங்கள். அரை மணித்தியாலத்தில் சுத்தம். முட்டையிலிருந்து வண்டாக மாதக்கணக்கில் ஆகும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டி, சூட்டோடு மூன்று மாதத்தில் முடிக்கும் கும்பியில் அது தலையெடுக்காது. பட்டியோரம் வருடக்கணக்கில் குவிந்து கிடக்கும் பழைய எருவும், விழுந்து உக்கும் தென்னங்குற்றியும்தான் அதன் உண்மையான வீடு. அவற்றையும் கிளறுங்கள்.

வாளிக்கணக்கில் புழுவா, அல்லது தென்னைகளில் விசிறி ஓலை தெரிகிறதா? தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அந்தப் புழுவைக் கொல்லும் பச்சைப் பூஞ்சணம் ஒன்று இருக்கிறது, எவ்வளவு, எப்படி இடுவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். எருவுக்குள் கிருமிநாசினி ஊற்றாதீர்கள், கும்பியின் உயிரெல்லாம் அதோடு போய்விடும்.

அறிகுறி 6: வெள்ளைப் படிவு

சூடான கும்பியின் உள்ளே சாம்பல் தூவின மாதிரி இருந்தால் அது பயன் தரும் நுண்ணுயிர், ஆனால் ஈரம் குறைகிறது என்றும் அர்த்தம். தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள். புரட்டும்போது தூள் பறக்கும், மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள், ஆஸ்துமா உள்ளவர் தள்ளி நிற்கட்டும். பஞ்சு மாதிரி நூல் நூலாக இருந்தால் பூஞ்சணம், கவலையில்லை.

வெளிப்புறத்தில் மட்டும், வெயிலுக்குப் பொருக்காகப் படிந்து, நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தால் அது உங்கள் தண்ணீரின் உப்பு. தீவகத்திலும் கரையோரத்திலும் உவர்க் கிணற்றால் கும்பியை நனைத்தால் ஒவ்வொரு வாளிக்கும் உப்பு சேரும். மாரித் தண்ணீரைச் சேமித்து வைத்து நனையுங்கள். அப்படி உப்புச் சேர்ந்த எருவை வெங்காயத்துக்கும் அவரைக்கும் போடாமல் தென்னைக்குப் போடுங்கள், தென்னை தாங்கும்.

அறிகுறி 7: எருப் போட்ட பாத்தியில் பயிர் மஞ்சள், விதை முளைக்கவில்லை

எரு அடங்க முன் போட்டீர்களா?

அரைகுறையாக மக்கியது மண்ணிலிருக்கும் நைதரசனைத் தானே எடுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். அடங்கியதா என்று பார்க்க: ஈரமாக ஒரு பிடியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறக்கும்போது மண் மணம் என்றால் போடலாம். புளித்த மணம், நெடி என்றால் இன்னொரு மாதம். அதோடு ஒரு சிரட்டையில் எருவும் மண்ணும் பாதிக்குப் பாதி, மறு சிரட்டையில் வெறும் மண், இரண்டிலும் பத்துப் பயறு ஊன்றுங்கள். ஐந்தாம் நாள் இரண்டும் ஒரே மாதிரி முளைத்திருக்க வேண்டும்.

எரு நல்லது, ஆனாலும் மஞ்சளா?

கணக்கைப் பாருங்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன். நல்ல கூட்டெருவில் ஒன்று, கூடினால் இரண்டு வீதம். நூறு கிலோ எருவில் ஒரு கிலோ நைதரசன் என்றால் அது இரண்டே கால் கிலோ யூரியாவுக்குக் கூடக் காணாது, அதிலும் ஒரு பங்குதான் முதற்போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். யூரியாவை ஒரே நாளில் விட்டுவிட்டு அதே இடத்துக்கு நாலு கடகம் எரு போட்டவர்கள் 2021இல் வெங்காயத்தில் நட்டப்பட்டார்கள். அந்த வலி எனக்கும் தெரியும். எருவைக் கூட்டிக்கொண்டு, யூரியாவைப் போகத்துக்குப் போகம் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டும் இல்லை என்றால் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். போதனாசிரியரிடம் மாதிரி எடுக்கும் முறையைக் கேட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி 8: எருவோடு களையும் நோயும் வந்தது

களை என்றால் கும்பியின் ஓரம் சுடவில்லை. ஒவ்வொரு முறையும் ஓரத்தை நடுவுக்குத் தள்ளி, ஒவ்வொரு முறையும் நடு மூன்று நாளாவது 55 பாகைக்கு மேல் நிற்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்க முன் பிடுங்கினால் மட்டும் போடலாம். பூத்ததைக் கும்பிக்கு அருகிலும் கொண்டுவராதீர்கள்.

நோயில் மூன்றைச் சூட்டை நம்பி விடவே கூடாது. வாடல் நோய் வந்த வாழையின் குற்றியும் கிழங்கும்: அந்தப் பூஞ்சணம் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அடி அழுகின வெங்காயம்: இதுவும் அப்படியே. மூன்றாவது, இலை தேமலாகச் சுருண்ட புகையிலையின் கட்டை. அந்தத் தேமல் வைரஸ் சூட்டைத் தாங்கக் கூடியது, காய்ந்த கட்டையிலும் உயிர்த்திருக்கும், மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றும். சுகமான புகையிலைக் கட்டையிலிருந்து செய்த எருவையே நான் வாழைக்கும் தென்னைக்கும் மட்டும்தான் போடுகிறேன். நோய்ப்பட்டதை எரித்துவிடுங்கள். எரிக்காதே என்று எல்லா இடத்திலும் சொல்கிற நான் இதில் மட்டும் எரிக்கச் சொல்கிறேன்.

அறிகுறி 9: திரவப் பசளையும் உயிர்ப் பசளையும் வேலை செய்யவில்லை

பரலில் மாட்டெருவும் கிளிசரிடியாக் குழையும் ஊற வைக்கும் திரவம் புளித்த மணத்தோடு நுரைக்க வேண்டும். மலக்குழி நாற்றம் வந்தால் கலக்கவில்லை. காலையும் மாலையும் தடியால் ஐந்து நிமிடம் கலக்குங்கள், மூடியை இறுக்காதீர்கள். பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து வேரடிக்கு விடுங்கள். வல்லாரைக்கும் லெட்டூசுக்கும் இலையில் தெளிக்கவே வேண்டாம். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட்டுச் சாப்பிடுகிறோம், மாட்டெருக் கிருமி அப்படியே வயிற்றுக்குப் போகும்.

கடையில் வாங்கின உயிர்ப் பசளை (உயிருள்ள நுண்ணுயிர் அடைத்தது) என்றால் முதலில் திகதியைப் பாருங்கள். பிறகு அது கடையில் எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வெயில் படும் முன்பக்க அலுமாரியில் இருந்ததென்றால் உள்ளே உயிர் குறைவு. சுடும் கும்பியில் கலந்தீர்களா? வெந்துவிட்டது. கை வைத்தால் குளிர்ந்திருக்கும் எருவில்தான் திரைக்கோடேர்மா (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம்) போன்றவற்றைக் கலக்க வேண்டும். பூஞ்சணநாசினி தெளித்த அன்றைக்கே போட்டீர்களா? அதுவும் வீண். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரில் கரைக்காதீர்கள். ஒரு நாள் திறந்த வாளியில் வெயிலில் வைத்துவிட்டுக் கரையுங்கள்.

இன்னுமொன்று, வேரில் முடிச்சுக் கட்டி நைதரசன் சேர்க்கும் நுண்ணுயிரான இறைசோபியத்தை வெங்காயத்துக்குப் போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அது கச்சான், பயறு, உழுந்து போன்ற அவரையினத்துக்கு மட்டும். விதையைக் கஞ்சித் தண்ணீரில் பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே ஊன்ற வேண்டும். வேலை செய்கிறதா என்று அறிய நாலைந்து கிழமையில் ஒரு கச்சான் செடியை மண்வெட்டியால் மண்ணோடு கிளப்பி, வேரை வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். கடுகும் மிளகுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே மாதுளை முத்தின் சிவப்பு என்றால் வேலை நடக்கிறது, அந்தப் பாத்திக்கு யூரியா போடாதீர்கள், போட்டால் முடிச்சு நின்றுவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லையென்றால், அந்தச் செடியை வேரும் மண்ணுமாக ஈரச் சாக்கில் சுற்றி, பசளைப் பைக்கற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போதனாசிரியரிடம் போங்கள்.